ஒழுகும் இன்ஜெக்டர்: கழுவுவதா, மாற்றுவதா?

கரும்பிளக்:
2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், போர்ட் இன்ஜெக்ஷன். காலையில் தொட்டதும் ஸ்டார்ட் ஆகுது. ஓட்டி நிறுத்தி இருபது நிமிஷம் கழிச்சு சாவி போட்டா ஏழெட்டு செகண்ட் இழுக்குது, பெட்ரோல் வாடை வேற. மூணாவது பிளக் மட்டும் கரியா இருக்கு. ஸ்கேனர்ல லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுற, குறைக்கிற அளவு; மைனஸ்னா குறைக்குது) ஐடில்ல −13 சதவீதம், 2500 ஆர்பிஎம்ல −3. ஒரு மெக்கானிக் நாலு இன்ஜெக்டரையும் (பெட்ரோலைத் தெளிக்கிற வால்வு) மாத்தணும்கிறார். இன்னொருத்தர் கழட்டிக் கழுவினா போதும்கிறார். யார் சொல்றதைக் கேட்கிறது?

பழையஸ்பானர்:
மாத்துங்க. அழுக்கு வேற, ஒழுகல் வேற. அழுக்கடைச்சா பெட்ரோல் குறையும், ட்ரிம் பிளஸ் பக்கம் போகும், லோடு ஏற ஏற இன்னும் மோசமாகும். உங்களுக்கு நேர் எதிர். ஐடில்ல மைனஸ் 13, ரேஸ் கொடுத்தா கிட்டத்தட்ட சரியாகுது. மூடியிருக்க வேண்டிய நேரத்துலயும் சொட்டுது, அவ்வளவுதான். ஐடில்ல எஞ்சின் குடிக்கிற பெட்ரோலே கொஞ்சம், அதனால அந்தச் சொட்டு பெரிசாத் தெரியும். 2500-ல மொத்த அளவுல கரைஞ்சு போயிடும். இன்ஜெக்டர் உள்ளே வால்வை மூடுற பந்து உட்கார்ற சீட் தேய்ஞ்சாச்சுன்னா எந்தத் திரவமும் அதைத் திரும்ப வளர்த்துத் தராது.

நாசில்:
ட்ரிம் பற்றிச் சொன்னது சரி அண்ணே, முடிவுதான் அவசரம். ஒழுகினாலே தேய்மானம்னு எப்படி? சீட்டுக்கும் பந்துக்கும் நடுவுல ஒரு துளி கோந்து படிஞ்சாலே வால்வு முழுசா மூடாது. எஞ்சினை நிறுத்தினதும் நுனியில நிக்கிற பெட்ரோல் சூட்டுல ஆவியாகி, பிசின் மட்டும் தங்கிடும். குட்டி ஓட்டம், நிறுத்தம், குட்டி ஓட்டம்னு ஓடுற வண்டியில இது சீக்கிரம் சேரும். அல்ட்ராசோனிக் பாத்துல (ஒலியதிர்வால கழுவுற தொட்டி) போட்டா போற சமாச்சாரம் அது. கழுவிட்டு பெஞ்சுல (இன்ஜெக்டர் சோதிக்கிற மெஷின்) ஏத்திப் பாருங்க. அப்பவும் சொட்டினா தூக்கிப் போடலாம்.

மூணாவதுகண்:
ரெண்டு பேரும் இன்ஜெக்டர்தான்னு முடிவு கட்டிட்டுப் பேசுறீங்க. சூட்டுல இழுக்குதுன்னா மூணு சந்தேகம் இருக்கு: இன்ஜெக்டர், டேங்க் பம்புக்குள்ளே இருக்கிற செக் வால்வு (பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி ஓடாம தடுக்கிறது), கேனிஸ்டர் பர்ஜ் வால்வு (டேங்க்ல கிளம்புற பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடுறது). காசு செலவில்லாம பிரிக்கலாம். சூடா இருக்கும்போது கிராங்க் பண்ணாம சாவியை ஆன் பண்ணி ரெண்டு செகண்ட், ஆஃப், இப்படி மூணு தடவை. பிறகு ஒரே அடியில பிடிச்சா லைன்ல பிரஷர் இறங்கியிருக்கு. அடுத்த தடவை, ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிச்சபடி கிராங்க் பண்ணுங்க. அப்படி மிதிச்சா பெரும்பாலான ஈசியு (எஞ்சின் கம்ப்யூட்டர்) பெட்ரோலை வெட்டிடும். அதுல ஸ்டார்ட் ஆச்சுன்னா உள்ளே ஏற்கனவே பெட்ரோல் தேங்கியிருக்கு. பர்ஜ் குழாயை மேனிஃபோல்ட்ல (எஞ்சினுக்குக் காத்து போற குழாய்) இருந்து எடுத்து, துவாரத்தை அடைச்சுட்டு ட்ரிம் பாருங்க. −13 மறைஞ்சா இன்ஜெக்டரைத் தொடவே வேண்டாம்.

பழையஸ்பானர்:
பர்ஜ் வால்வுன்னா நாலு பிளக்கும் சேர்ந்து கறுக்கணும். மூணாவது மட்டும்னு சொல்லியிருக்காரே.

மூணாவதுகண்:
அந்தப் பிளக்குல எண்ணெய் எரிஞ்சாலும் கறுப்புதான். காய்ஞ்ச பொடிக் கரியா, பிசுபிசுப்பா? ஊதினா பறக்கிற கரின்னா பெட்ரோல் அதிகம். பிசுபிசுன்னு விரல்ல ஒட்டினா எண்ணெயைத் தடுக்கிற எஞ்சின் வால்வு சீல் பக்கம் போங்க. மூணாவது பிளக்கை முதல் சிலிண்டருக்கு மாத்திப் போட்டு 200 கிலோமீட்டர் ஓட்டுங்க. கறுப்பு பிளக் கூடவே போகுதா, சிலிண்டர்லயே நிக்குதான்னு பாருங்க.

நாசில்:
அதைவிட நேரடி வழி: ரெயிலை (நாலு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் கொடுக்கிற குழாய்) இன்ஜெக்டரோட மேலே தூக்கிப் பார்க்கிறது. முதல்ல பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, எஞ்சின் தானா நிக்கிற வரை ஓட்டுங்க. பிறகு ரெண்டு மூணு தடவை கிராங்க், பிரஷர் போயிடும். பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. ரெயில் போல்ட்டை எடுத்து, கிளிப் கழண்டிடாம ரெயிலோட மெதுவா மேலே இழுங்க. ஒவ்வொரு நுனிக்கும் கீழே டிஷ்யூ பேப்பர். இன்ஜெக்டர் கனெக்டரும் இக்னிஷன் காயில் கனெக்டரும் கழண்டே இருக்கட்டும். இப்போ ஃபியூஸும் பேட்டரியும் மாட்டி, சாவி ஆன். கிராங்க் பண்ணவே கூடாது. பத்து நிமிஷம் பாருங்க, நடுநடுவே சாவியை ஆஃப் ஆன் பண்ணி பிரஷரை ஏத்துங்க. எஞ்சின் ஆறியிருக்கணும், தீயணைப்பான் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும், இதுல விளையாட்டு வேண்டாம்.

பழையஸ்பானர்:
பத்து நிமிஷம்னு சொன்னீங்களே, அதுதான் விஷயம். பல கடைகள்ல பெஞ்சுல ஒரு நிமிஷம் வச்சுட்டு "ஓகே சார்"னு கையில கொடுத்துடுறாங்க. டொயோட்டா கையேடுகள்ல 12 நிமிஷத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல கூடாதுன்னு இருக்கு. பெஞ்ச் திரவம் பெட்ரோலைவிடக் கெட்டி, குளிர்ச்சியாவும் இருக்கும். அதுல சொட்டாத இன்ஜெக்டர், சூடான மேனிஃபோல்ட்ல பெட்ரோலைச் சொட்டும். கழுவின இன்ஜெக்டர் நாலே மாசத்துல திரும்பி வர்றதுக்குக் காரணமே இந்த ஒரு நிமிஷச் சோதனைதான்.

நாசில்:
அது கடையோட குறை, கழுவுறதோட குறை இல்ல. ஒழுங்கா செய்யணும்னா: முதல்ல மல்டிமீட்டர். போர்ட் இன்ஜெக்டர் பெரும்பாலும் 11-லிருந்து 16 ஓம். நாலுல ஒண்ணு தனியா விலகி நின்னா அந்த இன்ஜெக்டரோட உள் காயில் போச்சு, அதைக் கழுவுறதுல அர்த்தமில்ல. அடுத்து பழைய ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) உள்ளே வர்ற வழியில இருக்கிற குட்டி ஃபில்டரையும் எடுக்கணும். சின்ன ஸ்க்ரூவை முறுக்கி ஃபில்டரை இழுக்கும்போது வாய் கீழே பார்த்து இருக்கட்டும், இல்லாட்டி அந்தத் தூள் நேரா வால்வுக்குள்ளே போய், புதுசா ஒரு ஒழுகல் வாங்கிக் கொடுக்கும். பாத்துல இருக்கும்போது இன்ஜெக்டருக்குத் துடிப்பு கொடுத்துக்கிட்டே இருக்கணும். மூடின வால்வை ஊற வச்சா சீட்டுல இருக்கிற அழுக்கு அசையாது. பிறகு தலைகீழா பேக் ஃப்ளஷ், முழுசாத் திறந்து 15 செகண்ட் ஃப்ளோ (எவ்வளவு பாயுதுன்னு அளக்கிறது). நாலுக்கும் நடுவுல வித்தியாசம் 5 சதவீதத்துக்குள்ளே. கடைசியா லீக் டெஸ்ட், அண்ணன் சொல்ற அதே பத்து நிமிஷம், வண்டியோட ரெயில் பிரஷர்ல.

டேங்க்ஃபுல்:
இவ்வளவு எதுக்கு? பிஇஏ (படிவைக் கரைக்கிற வேதிப்பொருள்) இருக்கிற ஒரு பாட்டில் அடிட்டிவை ஃபுல் டேங்க்ல ஊத்தி ஓட்டினா சரியாகாதா?

பழையஸ்பானர்:
லேசான அடைப்புக்கு, அதுவும் வரிசையா ரெண்டு மூணு டேங்க் போட்டா, உதவும். சொட்டுற இன்ஜெக்டருக்கு இல்ல. யூடியூப் பார்த்துட்டு சிரிஞ்ச்ல கார்ப் கிளீனர் ஏத்தி, பேட்டரியை நேரா இணைச்சு அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம். காயில் சூடாகும், ரப்பர் ஊதிப்போகும், ஸ்பிரே பேட்டர்ன் கண்ணுக்கு அழகாத் தெரியும், அளவு எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது.

கரும்பிளக்:
கரி காய்ஞ்ச பொடிதான். பர்ஜ் துவாரத்தை அடைச்சுப் பார்த்தேன், ட்ரிம் மாறல. முழுசா மிதிச்சு கிராங்க் பண்ணா ரெண்டு செகண்ட்ல பிடிக்குது.

மூணாவதுகண்:
அப்போ இன்ஜெக்டர்தான். ஆயில் டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க. பெட்ரோல் வாடையோ, மட்டம் ஏறினதோ இருந்தா இன்ஜெக்டர் வேலை முடிஞ்சதும் ஆயிலும் ஃபில்டரும் மாத்தியாகணும். பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைக் காப்பாத்தாது.

பழையஸ்பானர்:
இன்னொண்ணு. ஒண்ணு சொட்டினா மத்த மூணும் சும்மா இருக்காது. ஆக்ஸிஜன் சென்சார் நாலு சிலிண்டர் புகையையும் மொத்தமாத்தான் பார்க்குது. மூணாவதுல பெட்ரோல் அதிகம்னு தெரியாம நாலுக்கும் சேர்த்து 13 சதவீதம் வெட்டுது. நல்லா இருக்கிற மூணும் பட்டினி. ஐடில்ல வண்டி உதறினா அதுக்கும் இதுதான் காரணம். அதனாலதான் நாலையும் மாத்துங்கன்னேன். ஒண்ணு மட்டும் புதுசுன்னா அதுதான் அதிகம் பாயும், திரும்ப அதே ஏற்றத்தாழ்வு.

நாசில்:
இதை ஒத்துக்க முடியாது. மத்த மூணும் நல்லாத்தான் இருக்குன்னு நீங்களே சொல்றீங்க, பிறகு ஏன் அதுங்களையும் வாங்கணும்? நாலையும் கழுவி ஃப்ளோ எடுங்க. மூணாவது சொட்டினா அது ஒண்ணை மட்டும் அதே பார்ட் நம்பர்ல புதுசா வாங்கி, அதையும் பெஞ்சுல ஏத்தி மத்த மூணோட ஒப்பிடுங்க. 5 சதவீதத்துக்குள்ளே இருந்தா தாராளமா மாட்டலாம். மலிவா நாலு செட்டா வர்ற பெயர் தெரியாத சரக்குல புதுசுலயே வித்தியாசம் அதிகம். பழசு கழுவினதே மேல்.

பழையஸ்பானர்:
பெஞ்ச் வச்சிருக்கிற நல்ல கடை பக்கத்துல இருந்தா நீங்க சொல்றது சரி. இல்லாத ஊர்ல ஒரிஜினல் நாலு வாங்கி மாட்டுறதுதான் நிம்மதி.

நாசில்:
கூரியர்ல அனுப்பி வாங்கலாம் அண்ணே, ரெண்டு நாள் வண்டி நிக்கும். எது செஞ்சாலும் ஓ-ரிங் புதுசு, விட்டான் ரகம் (சூட்டையும் பெட்ரோலையும் தாங்குற ரப்பர்). மேலேயும் கீழேயும் அளவு வேறயா இருக்கலாம், மாத்திப் போட்டுடாதீங்க. இப்போ பங்குல வர்றது இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்), 2014 வண்டியோட பழைய ரப்பர் அதுக்காக வந்ததில்ல. மாட்டும்போது ஒரு துளி எஞ்சின் ஆயில் தடவி நேரா அழுத்துங்க. சிலிக்கான் கிரீஸ் கூடாது, ஆக்ஸிஜன் சென்சாரைக் கெடுக்கும். ரெயில் போல்ட்டை ஒரே பக்கமா இறுக்காம மாத்தி மாத்தி இறுக்குங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சாவியை நாலு தடவை ஆன் ஆஃப் பண்ணி, ஒவ்வொரு ஓ-ரிங் சுத்தியும் டிஷ்யூ வச்சுத் துடைச்சுப் பாருங்க. ஈரம் தெரிஞ்சா அங்கேயே நிறுத்துங்க.