மார்க் ஏறவில்லை, ஆனால் பேச்சு வந்திருக்கிறது. எதை வைத்து அளப்பது?

மாலைவகுப்பு:
பெரியவர்கள் பதினொரு பேருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன், வாரம் மூன்று மணி நேரம். அவ்வப்போது ஐம்பது மார்க்குக்கு ஒரு இலக்கணத் தேர்வு வைப்பேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா முதலில் 24 எடுத்தார், அடுத்து 26, போன வாரம் 23. தாளை மடித்து வைத்துவிட்டு, "எனக்கு வராதுங்க, நின்னுக்கிறேன்" என்றார். அதற்கு முந்தின நாள்தான் மகனைக் கூப்பிடாமல் தானே மருத்துவமனைக்குப் போன் செய்து அப்பாயின்ட்மென்ட்டை மாற்றியிருக்கிறார். ஆறு மாதத்துக்கு முன்பு, தெரியாத எண் என்றால் போனைத் தொடவே மாட்டார். இது என் தேர்வில் எங்குமே வரவில்லை. வேறு எதை அளந்தால் அவர் கண்ணுக்கே தெரியும்?

பழையதாள்:
முதலில், 26 என்பது 23 ஆனதை இறக்கம் என்று அவரிடம் சொல்லாதீர்கள். தூக்கம் கெட்ட ஒரு நாளே மூன்று மார்க்கைத் தின்றுவிடும்.

அப்புறம் மணிக்கணக்கைப் பாருங்கள். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில், தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரை ஆறு படிகள். கேம்பிரிட்ஜ் தேர்வுக்காரர்களின் உத்தேசக் கணக்குப்படி ஏ2-வை எட்ட 180 முதல் 200 மணி நேரம், பி1-க்கு 350 முதல் 400 மணி நேரம் வகுப்பு வேண்டும். வாரம் மூன்று மணி நேரம் என்றால் உங்கள் ஆறு மாதம் சுமார் எழுபத்தைந்து மணி நேரம்தான். அதற்குள் ஒரு படி ஏறவில்லையே என்று கேட்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அந்த அளவுகோல் 'இவரால் என்ன செய்ய முடியும்' என்றுதான் கேட்கிறது. உங்கள் பதினொரு பேரிடமும் கேட்டு, அவரவருக்குத் தேவையான பத்து வேலைகளை எழுதுங்கள். தனியாகச் செய்தாரா, உதவியோடா, இன்னும் இல்லையா என்று தேதி போட்டுக் குறித்து வாருங்கள். போனில் நேரம் மாற்றியதுதான் முதல் வரி.

குரல்பதிவு:
நான் மாதம் ஒரு முறை, பாடம் நடத்தாத ஒரு படத்தைக் கொடுத்து இரண்டு நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்வேன். பிழைகளை எண்ணுவதில்லை. எத்தனை சொல்லுக்கு ஒரு முறை நிற்கிறார், தவறைத் தானே திருத்திக்கொள்கிறாரா, புரியாதபோது திரும்பச் சொல்லச் சொல்கிறாரா, இவ்வளவுதான். நாலாம் மாதத்தில், முதல் மாதப் பதிவைப் போட்டுக்காட்டியபோது ஒருவர், "இது நானா?" என்று கேட்டுவிட்டு மறுபடி போடச் சொன்னார். அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

இன்னொன்று. 'வென்ட்' என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் திடீரென்று 'கோ'வோடு 'எட்' சேர்த்துச் சொல்வார். மார்க் குறையும். ஆனால் மனப்பாடம் போய் விதி பிடிபடத் தொடங்கியிருக்கிறது. 'ஷீ' வந்தால் வினையில் சேரும் 'எஸ்' ரொம்பத் தாமதமாகத்தான் பேச்சில் ஒட்டும். உங்கள் தாளில் அந்த மாதிரிக் கேள்வி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

நாற்பதில்_தொடங்கியவன்:
மாணவனாக இருந்தவன் சொல்கிறேன், தேர்வை அடியோடு நிறுத்திவிடாதீர்கள். எனக்கு வேலைக்குச் சான்றிதழ் தேவைப்பட்டது. தாளைப் பார்த்துப் பயப்படாமல் உட்காரும் பழக்கத்தை வகுப்பில்தான் பெற்றேன்.

மாலைவகுப்பு:
எண்ணிப் பார்த்தேன், ஐம்பதில் பதினான்கு அந்த 'எஸ்' கேள்விதான். தேர்வு இருக்கட்டும், தாளை மாற்றுகிறேன். பழைய பதிவு எதுவும் என்னிடம் இல்லை, அது பெரிய வருத்தம். நேற்று அந்த அம்மாவிடம் பத்து வேலைகளைக் கேட்டேன். ஏழு சொன்னார். எட்டாவதாக, "பேரன் டீச்சர்கிட்ட நானே பேசணும்" என்றார். எழுதி, பக்கத்தில் 'இன்னும் இல்லை' என்று தேதி போட்டிருக்கிறோம். அடுத்த வாரமும் வருகிறார்.