பேக்டெஸ்டில் மட்டும் கோடீஸ்வரன்: பழைய விலை டேட்டா உங்களை எங்கே ஏமாற்றியது?

திரியைத் தொடங்கியவர்

என் உத்தி ரொம்ப எளிமையானது. ஒரு பங்கு ஒரே நாளில் 15 சதவீதத்துக்கு மேல் விழுந்தால் அன்றைய முடிவு விலையில் வாங்கு, மறுநாள் முடிவில் விற்றுவிடு. காசு கொடுத்து வாங்கிய என்எஸ்இ (தேசியப் பங்குச் சந்தை) தினசரி டேட்டாவில் 2010 முதல் பேக்டெஸ்ட் ஓட்டிப் பார்த்தேன், அதாவது இந்த விதிப்படி அன்றே வாங்கி விற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். 1 லட்சம் எத்தனை கோடியானது என்று எக்செல் காட்டிய எண்ணைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா என்று வீட்டில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் உறுத்தியது. 2022 வரை கொட்டிய லாபம் 2023 பிப்ரவரியிலிருந்து சுத்தமாக வறண்டுவிட்டது. சந்தை மாறிவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதிக லாபம் தந்த 20 வர்த்தகங்களை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாதிக்கு மேல் பெரிய கம்பெனிகள். மறுநாள் சொல்லிவைத்த மாதிரி இரட்டிப்பு, இல்லையென்றால் ஐந்து மடங்கு.

இன்ஃபோசிஸையே எடுத்துக்கொள்வோம். 2018 செப்டம்பரில் 1:1 போனஸ், அதாவது ஒரு பங்குக்கு இன்னொரு பங்கு இலவசம். எக்ஸ் டேட் (அன்று முதல் வாங்குபவருக்குப் போனஸ் கிடையாது) செப்டம்பர் 4, ரெக்கார்டு டேட் (போனஸ் பெறுவோர் பட்டியலை கம்பெனி எடுக்கும் நாள்) செப்டம்பர் 5. போனஸுக்கு ஏற்பப் பங்கின் விலை பாதியாவது எக்ஸ் டேட் அன்றே. ஆனால் டேட்டா விற்றவர், புதிய விலையோடு ஒப்பிட வசதியாகப் பழைய விலைகளைப் பாதியாக்கும்போது ரெக்கார்டு டேட்டை எல்லையாக வைத்துவிட்டார். ஏற்கெனவே பாதியாகியிருந்த 4-ஆம் தேதி விலை இன்னொரு முறை பாதியானது. என் கோப்பில் 700 சொச்சத்தில் இருந்த பங்கு ஒரே ஒரு நாள் 370 பக்கம் போய், மறுநாள் பழைய இடத்துக்கே வந்து நின்றது. அந்த ஒரு நாள் பள்ளத்தில்தான் என் உத்தி போய்ப் போய் வாங்கியிருக்கிறது.

2023-இல் ஏன் நின்றது? 2023 ஜனவரி 27-உடன் எல்லாப் பங்குகளும் டி+1 செட்டில்மென்டுக்கு (வர்த்தகம் நடந்த அடுத்த வேலை நாளிலேயே பங்கும் பணமும் கைமாறும் முறை) வந்துவிட்டன. அதற்குப் பிறகு எக்ஸ் டேட்டும் ரெக்கார்டு டேட்டும் ஒரே நாள். தவறான தேதியை எடுத்தாலும் விடை சரியாக வந்துவிடும்!

சரிசெய்து மறுபடி ஓட்டினேன். ஆண்டுக்கு 3 சதவீதம், அதுவும் தரகும் எஸ்டிடியும் (பங்கு வர்த்தக வரி) கழிப்பதற்கு முன்னால். உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

பதில் 1

ப்ரோ, எனக்கு ஒரு நாள் பள்ளம் இல்லை, தினமும் ஒரு சின்னப் பள்ளம். 1 நிமிட டேட்டாவில் 3:29 கேண்டில் (அந்த ஒரு நிமிடத்துக்கான விலைப் பதிவு) விலைக்கு வாங்கி, பாவ்காப்பியில் (சந்தை தினமும் வெளியிடும் விலைப்பட்டியல் கோப்பு) உள்ள முடிவு விலைக்கு விற்பதாக எழுதியிருந்தேன். ஒரு வர்த்தகத்துக்குக் கிடைப்பது கொஞ்சம்தான், ஆனால் வருடம் முழுக்கக் கிடைத்தது. என்எஸ்இ முடிவு விலை என்பது கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை இல்லை, 3 மணி முதல் 3:30 வரை நடந்த வர்த்தகங்களின் எடையிட்ட (எத்தனை பங்கு கைமாறியது என்பதையும் சேர்த்த) சராசரி. கடைசி அரை மணியில் சரிந்த பங்கில் அந்தச் சராசரி 3:29 விலைக்கு மேலே நிற்கும். நான் "லாபம்" என்று நினைத்தது அந்த இடைவெளியை. பாவ்காப்பியில் கடைசி விலைக்கு என்று தனிக் காலமே இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. 3:40 முதல் 4 மணி வரை முடிவு விலையில் விற்கலாமே என்று வாதாட வேண்டாம். எதிரில் வாங்க ஆள் வேண்டாமா?

பதில் 2

நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. காலை முதல் 15 நிமிட உச்சத்தை உடைத்தால் வாங்கும் உத்தி என்னுடையது. ஸ்கிரிப்டில் 9:15 என்று எழுதிவிட்டேன். 2010 ஜனவரி 4-க்கு முன்னால் சந்தை திறந்ததே 9:55-க்கு. அன்றிலிருந்து 9 மணி. ப்ரீ ஓப்பன் (வழக்கமான வர்த்தகத்துக்கு முன் தொடக்க விலையைக் கண்டுபிடிக்கும் நேரம்) வந்த 2010 அக்டோபர் 18-இலிருந்துதான் 9:15. நடுவிலுள்ள மாதங்களில் என் ஸ்கிரிப்ட் நிதானமாக இரண்டாவது கால் மணியை அளந்துகொண்டிருந்தது.

அடுத்தது 2021 பிப்ரவரி 24. காலை 11:40-க்கு என்எஸ்இ நின்றுபோய், 3:45-க்குத் திறந்து 5 மணி வரை ஓடியது. 3:30-க்கு மேல் உள்ளதை வெட்டிவிடும் வடிகட்டி வைத்திருந்ததால் அன்று வாங்கிய பங்கு விற்கப்படாமல் மறுநாளுக்குப் போய்விட்டது. வழக்கமான நேரத்துக்கு வெளியே நடந்த தீபாவளி முகூர்த்த வர்த்தகத்துக்கும் இதே கதை.

பதில் 3

@பதில் 2: வடிகட்டி என்றதும் என் பாவம் ஞாபகம் வந்தது. முந்தைய விலையிலிருந்து 10 சதவீதம் விலகினால் அழித்துவிடு என்று எழுதியிருந்தேன். 2012 அக்டோபர் 5 அன்று என்எஸ்இயின் குறியீட்டெண்ணான நிஃப்டி 5,787-இலிருந்து சில நொடிகளில் 4,888 வரை போய் வந்ததை அது குப்பை என்று துடைத்துவிட்டது. ஒரு தரகு நிறுவனத்தின் தவறான ஆர்டர்களால் வந்தது என்றாலும் அந்த விலையில் வர்த்தகம் நிஜமாகவே நடந்தது. ஸ்டாப் லாஸ் (விலை ஓர் அளவுக்குக் கீழே போனால் தானாக விற்கும் ஆர்டர்) வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். இப்போது நான் எதையும் அழிப்பதில்லை. சந்தேகமான வரிசைக்கு ஒரு குறி போட்டுவிட்டு, அந்தத் தேதிச் செய்தித்தாளைத் தேடுகிறேன்.

பதில் 4

எந்தப் பங்குகளை வைத்து ஓட்டுகிறோம் என்ற பட்டியலை இன்னும் ஒருவரும் தொடவில்லை. இன்றைய நிஃப்டி 50 பங்குகளை வைத்து 2008 முதல் ஓட்டினால் என்ன உத்தி போட்டாலும் ஜெயிக்கும், விடைத்தாளைப் பார்த்து எழுதும் பரீட்சை அது. 2009 ஜனவரியில் வெளியேற்றப்பட்ட சத்யம், 2020 மார்ச்சில் போன யெஸ் பேங்க், நடுவில் யூனிடெக், சுஸ்லான் எல்லாம் அந்தந்தக் காலத்தில் உங்கள் கையில் இருந்திருக்கும். நான் ஒவ்வொரு முறை பட்டியல் மாறிய தேதியையும் கையால் ஏற்றினேன், இரண்டு வாரம் ஆனது. பெயர் மாற்றம் தனித் தலைவலி: இன்ஃபோசிஸ் பழைய டேட்டாவில் இன்ஃபோசிஸ்டெக் என்ற குறியீட்டில் இருக்கும், ஹீரோ மோட்டோகார்ப் ஹீரோ ஹோண்டாவாக இருக்கும். இதைக் கவனிக்காவிட்டால் உங்கள் ஸ்கிரிப்ட் இரண்டும் 2011-இல்தான் பிறந்தன என்று நம்பும்.

திரியைத் தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. பதில் 4 சார், அந்தத் தேதிகளின் கோப்பைப் பகிர முடியுமா? ஒரு சந்தேகமும் உண்டு. 2023 ஜூலை 20, ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் தனிக் கம்பெனியாகப் பிரிந்த நாள். ரிலையன்ஸ் 2,841.85-இலிருந்து 2,580 ஆனது. வித்தியாசமான 261.85 ரூபாய்க்குப் பழைய விலைகளைக் குறைத்து ஒருவர் தருகிறார், இன்னொருவர் அப்படியே விட்டுவிடுகிறார். பிரிந்த பங்கு டீமேட்டுக்கு (பங்குகளை வைத்திருக்கும் மின்னணுக் கணக்கு) வந்துவிட்டதால் நான் குறைத்த கோப்பைத்தான் எடுத்திருக்கிறேன். நீங்கள் எதை வைத்து ஓட்டுகிறீர்கள்?