கச்சோ எ பெப்பே செஞ்சா சீஸ் ரப்பர் மாதிரி திரளுது, மூணு தடவை தோத்துட்டேன், யாராவது ஹெல்ப் பண்ணுங்க

மிளகுத்தண்ணி:
வணக்கம் மக்களே. போன மாசம் ரோம் போயிருந்தோம். அங்க டெஸ்டாச்சோன்னு ஒரு ஏரியா, அதுல ஒரு குன்று இருக்கு, வெளிய பார்த்தா புல்லு மொளச்ச மேடு மாதிரிதான் தெரியும் ஆனா மொத்தமும் ரோமானியர் காலத்துல எண்ணெய் வந்த மண்ஜாடிய ஒடச்சு ஒடச்சு குவிச்சதாம். அந்தக் குன்றுல குடைஞ்ச ஒரு கடையிலதான் சாப்பிட்டோம், சுவத்துல கண்ணாடி போட்டிருக்காங்க, பின்னாடி ஓட்டாஞ்சில்லா அடுக்கடுக்கா தெரியுது. அதப் பாத்துட்டு இருக்கும்போதே தட்டு வந்துடுச்சு. கச்சோ எ பெப்பே. பாஸ்தா, பெக்கொரீனோ ரொமானோ சீஸ், மிளகு, அவ்ளோதான். பூண்டு இல்ல, க்ரீம் இல்ல, வெண்ணெய் இல்ல. ஆனா சாஸ் பாலாடை மாதிரி ஒவ்வொரு இழையிலயும் ஒட்டிக்கிட்டு நிக்குது, மிளகு தொண்டைல கமறுது. மூணு சாமான்தானே, வீட்டுல செஞ்சுக்கலாம்னு நெனச்சேன் பாருங்க, அங்கதான் தப்பு.

இப்ப இருக்கறது ம்யூனிக்ல. இத்தாலியன் கடையில நல்ல பெக்கொரீனோ துண்டாவே வாங்கினேன், அதனால சீஸ் மேல சந்தேகம் இல்ல. 200 கிராம் ஸ்பகெட்டி, 3 லிட்டர் தண்ணி, கைநிறைய உப்பு. வெந்ததும் வடிச்சு, ஒட்டாம இருக்க குழாய்த்தண்ணில ஒரு அலசு அலசி, திரும்ப அடுப்புல வச்சு 120 கிராம் சீஸ் துருவிப் போட்டு, ஒரு கரண்டி வெந்த தண்ணி. உடனே சீஸ் எல்லாம் ஒண்ணா கூடி சூயிங்கம் உருண்டையா ஃபோர்க்ல ஏறிடுச்சு, அடியில வெள்ளத்தண்ணி. ரெண்டாவது தடவை தீயக் கொறச்சேன், அதே கதை. மூணாவது தடவை பால் ஊத்தினேன், அதப் பத்தி பேச வேணாம். ஊர்லேருந்து அம்மா வந்திருக்காங்க, வாணலிய எட்டிப் பாத்துட்டு "என்னடா இது, திரிஞ்சுபோன மோர்க்குழம்பு மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. சனிக்கிழமை ஃப்ரெண்ட்ஸ் வராங்க. என்ன பண்றது?

சும்மா_ஒருத்தன்:
நாலு ஸ்பூன் ஃப்ரெஷ் க்ரீம் ஊத்துங்க ப்ரோ, முடிஞ்சது மேட்டர்.

பலேர்மோ_பொடியன்:
க்ரீம் ஊத்தினா ருசியா இருக்கும், நான் இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா அது வேற சாப்பாடு.

அண்ணை, நான் இத்தாலியில பலேர்மோவில ஒரு ரெஸ்ட்ராண்ட் குசினியில கனகாலமா நிக்கிறன் (நாங்கள் குசினி எண்டுறது இவங்களுக்கு குச்சீனா, வந்த புதுசில அந்த ஒரு சொல்லுத்தான் எனக்கு விளங்கினது). எங்கட ஷெஃப் ரோமாக்காரன். அவன் எனக்கு ஏசி ஏசிப் பழக்கினதைச் சொல்லுறன்.

முதலாவது, பாஸ்தாவைக் கழுவவே கூடாது. அந்த வழுவழுப்பான மாச்சத்துத்தான் சாஸைப் பிடிச்சு வைக்கிறது, நீங்கள் அதைக் குழாயில விட்டுட்டியள். 3 லிட்டர் தண்ணியும் கூடிப்போச்சு. வழமையா 100 கிராமுக்கு 1 லிட்டர் எண்டு சொல்லுவினம், ஆனா இந்தச் சாப்பாட்டுக்கு 200 கிராமுக்கு ஒண்டரை லிட்டர் காணும், அகலமான சட்டியில போட்டு இடைக்கிடை கிளறுங்கோ, தண்ணி நல்லா வெள்ளையாக் கலங்க வேணும். உப்பு பாதி போடுங்கோ, பெக்கொரீனோவே உப்புக்கட்டி மாதிரி.

மிளகை முழுசா வெறுஞ்சட்டியில வறுத்து உரல்ல ஒண்டுரெண்டா இடியுங்கோ. அதில ஒரு அகப்பை பாஸ்தாத் தண்ணி விட்டுக் கொதிக்க விட்டு, பாஸ்தாவை ரெண்டு நிமிசம் முந்தியே எடுத்து அதுக்குள்ள போட்டு வேக வையுங்கோ. சீஸைப் பவுடர் மாதிரித் துருவி வேற கோப்பையில, ஆறின பாஸ்தாத் தண்ணி கொஞ்சங் கொஞ்சமா விட்டு சந்தனம் மாதிரிக் குழையுங்கோ. பிறகு சட்டியை அடுப்பால இறக்கி, ஒரு நிமிசம் சும்மா நில்லுங்கோ. இந்த ஒரு நிமிசம்தான் ஆக்களுக்குப் பொறுமை இல்லாதது. அதுக்குப் பிறகுதான் சீஸ்.

லேப்கோட்:
மேல சொன்னது அத்தனையும் கரெக்ட். ஆனா உங்க அம்மா சொன்னத நீங்க கவனிக்கல. மோர்க்குழம்புக்கு தயிர்ல அரிசி மாவோ ஊறவச்ச பருப்போ அரைச்சு ஏன் சேக்கறாங்க? திரியாம இருக்கத்தான். கொதிக்கவும் விட மாட்டாங்க, நுரை கட்டினதும் இறக்கிடுவாங்க. இங்கயும் அதேதான் நடக்குது. சூடு 65 டிகிரி தாண்டினா சீஸ்ல இருக்கற புரதம் ஒண்ணோட ஒண்ணு கட்டிப் புடிச்சுக்கும், ஸ்டார்ச் நடுவுல இருந்தா அத அவ்ளோ சீக்கிரம் சேர விடாது.

இத வச்சு இத்தாலிய இயற்பியல்காரங்க சீரியஸா ஒரு ஆராய்ச்சியே பண்ணி 2025ல இயற்பியலுக்கான இக் நோபல் (நிஜ நோபல் இல்ல, சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கற ஆராய்ச்சிக்குக் குடுக்கற பரிசு) வாங்கினாங்க. சீஸ் எடைல 1 சதவீதத்துக்குக் கீழ ஸ்டார்ச் இருந்தா திரண்டுடும், 2லேருந்து 3 சதவீதம்னா சேஃப். அந்த ரப்பர் உருண்டை நிலைக்கு அவங்க மொஸரெல்லா ஃபேஸ்னு பேர் வச்சிருக்காங்க, நீங்க மூணு தடவை அங்கதான் போயிட்டு வந்திருக்கீங்க 😄

சட்டித் தண்ணில எவ்ளோ ஸ்டார்ச் இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதனால தனியா சேத்துடுங்க. 120 கிராம் சீஸுக்கு 3 கிராம் சோளமாவு (கார்ன் ஸ்டார்ச்), 30 மில்லி தண்ணில கரைச்சு கஞ்சி பதத்துக்கு காச்சி, ஆறவச்சு, அதுல சீஸ மிக்ஸில ஒரு ஓட்டு. சோடியம் சிட்ரேட்னு ஒரு உப்பு இருக்கு, அது போட்டாலும் திரியாது, ஆனா ருசி கொஞ்சம் மழுங்கும்.

கீரைக்கட்டு:
குறுக்க வரதுக்கு மன்னிக்கணும். பெக்கொரீனோ ரொமானோவ ஆட்டுக்குட்டி வயித்துலேருந்து எடுக்கற ரென்னெட் போட்டுத்தான் உறைய வைப்பாங்க. வர ஃப்ரெண்ட்ஸ்ல சைவம் இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸும் கன்னுக்குட்டி ரென்னெட்தான், அதுக்கு மாறினா தப்பிச்சோம்னு நெனைக்காதீங்க.

மிளகுத்தண்ணி:
ஐயோ இது தெரியாது. வரதுல ஒருத்தர் சுத்த சைவம், அவருக்கு தனியா தக்காளி சாஸ் வச்சுடறேன், ரொம்ப நன்றி. @லேப்கோட் சோளமாவு ரோம்ல போட மாட்டாங்களே, ஏமாத்து வேலை மாதிரி ஆயிடாதா?

பலேர்மோ_பொடியன்:
எங்கட ஷெஃப்புக்குத் தெரியாமச் செய்யுங்கோ. நாள் முழுக்க ஒரே தண்ணியில பாஸ்தா அவிக்கிறபடியா கடைத் தண்ணி பின்னேரத்தில கஞ்சி மாதிரித்தான் இருக்கும். வீட்டில நீங்கள் ஒருக்கா அவிச்ச தண்ணிக்கு அந்தப் பலம் வராது, அதை மாவில எடுக்கிறியள், அவ்வளவுதான்.

மிளகுத்தண்ணி:
அப்டேட். வெள்ளிக்கிழமை ராத்திரி ட்ரையல் பாத்தேன். மாவுக் கஞ்சிய அம்மாதான் காச்சினாங்க, "இதுக்கா இவ்ளோ நாள் நெட்டுல கேட்டுட்டு இருந்த"ன்னு ஒரு பார்வை வேற. சட்டிய எறக்கி வச்சு அறுபது எண்ணினேன், நாப்பதுலயே கை பரபரங்குது. சீஸக் கொட்டிக் கிளறினேன், ஒரு கட்டி இல்ல மக்களே, கரண்டியத் தூக்கினா வழவழன்னு மடிஞ்சு விழுது. ரோம்ல சாப்பிட்டதுக்கு எம்பது சதவீதம் கிட்ட வந்துடுச்சு, மிளகு இன்னும் கொஞ்சம் தைரியமா போட்டிருக்கலாம். அம்மா நாலு வாய் சாப்பிட்டுட்டு மிச்சத்துக்கு கடுகு கறிவேப்பிலை தாளிச்சுக் கொட்டிக்கிட்டாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, ரோமாக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க.

ஒரே ஒரு டவுட்டு. தட்டுல போட்டு அஞ்சு நிமிஷத்துல சாஸ் இறுகிடுது. நாளைக்கு ஆறு பேர், என்ன பண்ண?

பலேர்மோ_பொடியன்:
தட்டைச் சுடுதண்ணியில நனைச்சுத் துடைச்சிட்டுப் பரிமாறுங்கோ. பாஸ்தாத் தண்ணியில ஒரு கிளாஸ் எடுத்துப் பக்கத்தில வையுங்கோ, இறுகினா ஒரு கரண்டி விட்டுப் பிரட்டலாம். ஆறு பேருக்கும் ஒரே சட்டியில செய்யாதேங்கோ, மூண்டு மூண்டாச் செய்யுங்கோ. முதல் மூண்டு பேரும் மற்றாக்களுக்குக் காத்திராமச் சாப்பிடத் தொடங்கட்டும்.

சும்மா_ஒருத்தன்:
சரி, க்ரீம் வாபஸ்.