மூடுபனிக் கணிமையா, மஞ்சுக் கணிமையா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஃபாக் கம்ப்யூட்டிங் என்ற கணினி நுட்பத்துக்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். ‘மூடுபனிக் கணிமை’ போதும் என்று மதுரை அண்ணன் எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்து அக்கா, அவர்கள் பக்கம் மேகத்தை முகில் என்றே வழங்குவதால் ‘தாழ்முகில்’ என்கிறார். இரண்டு நாளாக இரண்டையும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் மனம் ‘மஞ்சு’ என்ற சொல்லில்தான் நிற்கிறது. நான் பார்க்கும் வேலை அதற்கு ஒரு காரணம்.

2012இல் சிஸ்கோ ஆய்வாளர்கள் இந்தப் பெயரைப் பரப்பியபோது மனத்தில் வைத்திருந்தது, தரைக்கு இறங்கி வந்த மேகத்தை, அதாவது கிளவுட் கம்ப்யூட்டிங்கை. எல்லாத் தரவையும் தொலைவிலுள்ள தரவு மையத்துக்கு அனுப்பாமல், கருவிகளுக்குப் பக்கத்தில் தரவைக் கடத்தும் பெட்டிகளான கேட்வேயிலும் ரௌட்டரிலுமே கணித்துக்கொள்வது. அதே ஆண்டில் சால்வடோர் ஸ்டோல்ஃபோவும் உடன் ஆய்வாளர்களும் அதே பெயரில் வேறொன்றை எழுதினார்கள்: மேகத்திலுள்ள தரவைத் திருட வருபவர் முன்னால் பொய்க் கோப்புகளைக் கொட்டி, எது உண்மை என்று தெரியாமல் திணறவைப்பது. அதற்கு மூடுபனி கச்சிதமான பெயர். நாம் பெயர் தேடும் பொருளுக்கோ அது நேர்மாறு. ஏன் என்கிறேன்.

சென்ற மாதம் சிங்கப்பூரில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கில், தனியாக வசிக்கும் முதியவர்களின் வீட்டு உணரிகளை (சென்சார்களை) சரிபார்க்கப் போயிருந்தேன். வாசல் கதவில் ஓர் உணரி, கழிவறைப் பக்கம் ஓர் அசைவுணரி. இவை செய்தி அனுப்புவது வீட்டுக்கு வெளியே, தாழ்வாரத்து அலமாரிக்குள் இருக்கும் ஒரு சின்னப் பெட்டிக்கு. அலமாரிக்குப் பூட்டு இல்லை. இழுத்தேன், திறந்துகொண்டது. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, யூஎஸ்பி துளை திறந்தே கிடந்தது. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தாளில் பயனர் பெயர் அட்மின், கடவுச்சொல்லும் அட்மின். அடுத்த மாடிக்கு ஏறிப் போனேன். அங்கேயும் அதே தாள்.

அந்த மாடியில் இருக்கும் பாட்டி இரவில் எத்தனை முறை எழுந்தார், காலையில் எத்தனை மணிக்குச் சந்தைக்குக் கிளம்பினார், வீடு எப்போது காலியாக இருக்கும், எல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியும். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020இல் இணையக் கருவிகளின் பாதுகாப்பைத் தரப்படுத்தத் தொடங்கிய முத்திரைத் திட்டத்தின் 4 நிலைகளில் முதல் நிலைக்கே, எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் இருக்கக் கூடாது. அன்றைக்கே புகார் எழுதிக் கொடுத்தேன்.

தரவு மையத்துக்குக் காவலர் உண்டு, கதவுக்குக் கதவு அனுமதி உண்டு. இந்தப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. யாரும் திறந்து நினைவகத்தைப் படிக்கலாம். அதைக் கழற்றிவிட்டுப் போலிப் பெட்டியை மாட்டலாம். அடையாளத்தைச் சோதிக்காத உணரி அதனிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிடும். நன்மையும் பெரிது, அதை மறைக்கக் கூடாது: பாட்டி விழுந்துவிட்டாரா என்று பெட்டியே முடிவு செய்தால், எச்சரிக்கை மட்டும் வெளியே போகும், அன்றாட நடமாட்டம் புளோக்கைத் தாண்டாது. இப்படித் திறந்தவெளியில் நிற்கும் ஒன்றுக்கு ‘மூடு’ என்று தொடங்கும் பெயரை எப்படி வைப்பது? மூடித்தானே இருக்கிறது என்று கேட்பவர் நினைத்துவிடுவார்.

‘பனிமூட்டம்’ இங்கே எடுபடாது. மூட்டம் என்றதும் சிங்கப்பூரில் புகைமூட்டம்தான் நினைவுக்கு வரும். 2013 ஜூனில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடான பிஎஸ்ஐ 401ஐத் தொட்ட நாளை யார் மறந்தார்கள்?

மஞ்சு என்றால் அகராதியில் மேகம் என்றும் இருக்கிறது, பனி என்றும் இருக்கிறது. மலையில் தவழ்வது மஞ்சு. அதுவே உயரப் போனால் மேகம். இந்த நுட்பத்தின் முழு விளக்கமும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறது. கூட வேலை பார்க்கும் மலையாளி நண்பரிடம் சொன்னேன். “எங்களுக்கு அது மஞ்ஞு” என்று உடனே பிடித்துக்கொண்டார். பெண் பெயராயிற்றே என்று ஒருவர் கேட்டிருந்தார். மலரும் நிலாவும்கூடப் பெயர்கள்தாம், அவற்றைச் சொல்லாமலா இருக்கிறோம்?

அக்காவின் தாழ்முகிலில் பொருள் பிழை எதுவும் இல்லை. மஞ்சு வேண்டாம் என்றால் என் வாக்கு அதற்குத்தான். ‘விளிம்புக் கணிமை’யை, கருவியிலேயே கணிக்கும் எட்ஜ் கம்ப்யூட்டிங்குக்கே விட்டுவிடுவோம், இரண்டையும் குழப்ப வேண்டாம்.

அப்புறம் பிரைவசி. ‘தனியுரிமை’ சட்டத்தாளுக்குச் சரி. கழிவறைக்கு எத்தனை முறை போனோம் என்பது அடுத்தவருக்குத் தெரிவதைப் பற்றிப் பாட்டியிடம் பேச வேண்டுமானால் ‘அந்தரங்கம்’தான்.

இப்படிப்பட்ட பெட்டியைக் குறிக்கும் நோடு என்ற சொல்லுக்குக் ‘கணு’ என்று எழுதி, முதியோருக்கு ஒரு துண்டறிக்கை தயாரிக்கிறேன். முதல் வரி இது: “உங்கள் தாழ்வாரத்தில் ஒரு மஞ்சுக் கணு இருக்கிறது. அது பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள்.” கணு என்றதும் கரும்பு நினைவுக்கு வந்தால் நல்லதுதான். ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது விளங்குமா, அல்லது ‘மஞ்சுப் பெட்டி’ என்றே போட்டுவிடலாமா? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் சொல்லுங்கள்.