உட்தெரு 23 அடியா, 40 அடியா? காட்பாடிப் பக்கத்துப் புதிய மனைப்பிரிவு குறித்து ஒரு விவாதம்

வடகரைவாசி:
வணக்கம். பாலாற்றுக்கு வடக்கே, எங்கள் பகுதியை ஒட்டிய பத்து ஏக்கர் புன்செய் நிலம் மனைப்பிரிவாகப் போகிறது. உட்தெருக்களை விதிப்படியான குறைந்த அளவான 7.2 மீட்டரில், அதாவது மனை விற்பவர்கள் சொல்லும் 23 அடியில், அமைப்பதாக வரைபடத்தில் காட்டியிருக்கிறார்கள். உள்ளாட்சி மன்றக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இரண்டு பிரிவாகிவிட்டார்கள். எல்லாத் தெருக்களையும் 12 மீட்டராக, அதாவது ஏறக்குறைய 40 அடியாக ஆக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு, விதி அனுமதிப்பதை நாம் ஏன் தடுக்க வேண்டும் என்பது மறுதரப்பு. முடிவை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்து, குடியிருப்போர் கருத்துகளை எழுத்தில் தரலாம் என்று கூறியிருக்கிறார்கள். நான் 12 மீட்டர் வேண்டும் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

என் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருப்பது அங்கீகாரம் இல்லாத காலத்தில் பிரித்து விற்ற பழைய மனைப்பிரிவு. தெரு 16 அடிதான். மூன்று ஆண்டுகளுக்கு முன் விடியற்காலையில் என் மாமியாருக்கு மூச்சுத் திணறல் வந்தபோது, 108 வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. எதிர்வீட்டுத் தம்பியும் என் கணவரும் இன்னும் இருவரும் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு கால்களையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் மருத்துவச் சீட்டுமாகப் பின்னால் ஓடினேன். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் தெருவை ஒருமுறை கல் நட்டுப் பிரித்துவிட்டால் பிறகு யாராலும் அதை அகலமாக்க முடியாது என்பதை அன்று உணர்ந்தேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை எதிரே பாபுராவ் தெருவுக்கும் லாங் பஜாருக்கும் சென்று பாருங்கள். எத்தனை திட்டம் வந்தாலும் அந்தத் தெருக்களில் ஓர் அடி கூட்ட முடியுமா?

ஓய்வுபெற்ற வரைவாளர்:
அம்மா, உங்கள் அனுபவத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 16 அடியில் பட்ட துன்பத்துக்கு 40 அடி மருந்தாகாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மனைப்பிரிவு வரைபடம் வரைந்தவன் என்ற முறையில் ஒரு கணக்கை முன்வைக்கிறேன். பத்து ஏக்கரில் உட்தெருக்களின் மொத்த நீளம் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் வரும் என்று கொள்வோம். 7.2 மீட்டரை 12 ஆக்கினால் கூடுதலாகத் தெருவுக்குப் போவது 7,200 சதுர மீட்டர், அதாவது 1 ஏக்கர் 78 சென்ட். பூங்கா போன்ற பொது ஒதுக்கீட்டுக்கு, தெருக்கள் போக மிஞ்சும் நிலத்தில் பத்தில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விடுகிறது. இதையும் சேர்த்தால் விற்பதற்கு எஞ்சும் நிலம் எவ்வளவு, அதன் விலை எவ்வளவு ஏறும் என்று எண்ணிப் பாருங்கள்.

விலையை விட்டாலும் வெயில் இருக்கிறது. நம் ஊரை வெயிலூர் என்று நாமே அழைக்கிறோம். அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டாத ஆண்டு உண்டா? கிழக்கு மேற்காக ஓடும் 40 அடிச் சிமெண்ட் தெருவில், இரண்டு பக்கமும் ஒருமாடி வீடுகள் மட்டும் இருக்கும்போது, நண்பகலில் நிழல் என்பதே கிடையாது. இரவு பத்து மணிக்கும் அந்தச் சிமெண்ட் அனலைக் கக்கும். ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் கூடுதலாகப் போட்ட அந்த 7,200 சதுர மீட்டரில் மட்டும் விழும் நீர் 3,60,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் முப்பது லாரி. வடிகால் சரியாக இல்லையென்றால் அது தாழ்ந்த மனைக்காரரின் வாசலுக்குத்தான் போகும்.

மூன்றாவது காரணம் அநேகருக்குத் தெரியாதது. 2019-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேற்பட்ட உயரமான கட்டடத்துக்கு முன்னால் குறைந்தது 12 மீட்டர் சாலை இருக்க வேண்டும். எல்லாத் தெருவையும் 12 ஆக்கினால் நாளைக்கு நான்கு மனையைச் சேர்த்து வாங்குபவர் உயர்மாடி கட்டக் கேட்பதற்கான வாசலை நாமே திறந்துவிடுகிறோம். இன்று காற்றுக்காகக் கேட்கும் அகலத்தின் மேல் நாளைக்கு அடுக்குமாடியின் கார்கள் வந்து நிற்கும்.

குடியாத்தம் தறிக்காரன்:
ஐயா சொன்ன விலைக் கணக்கை நான் ஆமோதிக்கிறேன். காட்பாடிப் பக்கம் இரண்டு சென்ட் மனை ஒன்றுக்காக நானும் என் மனைவியும் ஆறு ஆண்டுகளாகச் சீட்டுப் போட்டுச் சேர்க்கிறோம். 1 ஏக்கர் 78 சென்ட் என்றால் இரண்டு சென்ட் மனைகளில் எண்பத்தொன்பது. மனை விற்பவர் அந்த இழப்பைத் தன் பையிலிருந்து ஏற்றுக்கொள்ள மாட்டார். மிச்ச மனைகளின் மேல் பிரித்துப் போடுவார். முதலில் கை நழுவுவது எங்களைப் போன்ற சின்ன மனைக்காரர்களுக்குத்தான்.

ஆனால் தெரு என்பது வண்டி போகிற இடம் மட்டும்தானா என்று இருவரையும் கேட்கிறேன். என் அப்பா காலத்தில் எங்கள் தெருவில் பாவு, அதாவது தறிக்கான நெடுக்கு நூல், நீட்டுவார்கள். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் கஞ்சி தோய்த்த பாவை முளைக்கம்புகளுக்கு நடுவே தெரு நெடுகக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று தூரிகை போடுவார்கள். அதன் ஓரமாகவே பால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். புங்க மர நிழல் இல்லையென்றால் அந்த வேலை நடந்திருக்காது. இப்போது அந்தத் தெருவுக்குச் சிமெண்ட் போட்டு, மரங்களை எடுத்து, அகலமாகத்தான் வைத்திருக்கிறார்கள். பகலில் ஒருவர்கூட வெளியே உட்காருவதில்லை.

வடகரைவாசி:
சகோதரர் சொன்ன மரத்துக்கும் இடம் வேண்டும் அல்லவா? 23 அடியில் இரண்டு பக்கமும் வடிகால், மின்கம்பம், டிரான்ஸ்ஃபார்மர், காவிரிக் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை மூடி எல்லாம் போக மரத்தை எங்கே நடுவீர்கள்? மின்கம்பிக்குக் கீழே நட்டு, ஆண்டுக்கு இரண்டு முறை தலையை வெட்டிவிட்டுப் போவதைத்தான் எங்கள் பகுதியில் பார்க்கிறோம். ஐயா உயர்மாடியைப் பற்றி அஞ்சுகிறார். அதைக் கட்டடத் திட்ட அனுமதியின்போது எதிர்க்க வழி உண்டு. குறுகிய தெருவை எதிர்க்க அப்படி எந்தக் கட்டமும் பிறகு வராது. என் மாமியாரைத் தூக்கிக்கொண்டு ஓடிய தூரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. சராசரிக் கணக்கில் ஒருவருடைய அந்த ஐந்து நிமிடம் எங்கே வருகிறது?

ரிக் லாரி ஓட்டுநர்:
வணக்கம். போர்வெல் ரிக் ஓட்டுகிறேன். வேலூர், காட்பாடி, கணியம்பாடி, ஒடுகத்தூர் என்று நான் நுழையாத மனைப்பிரிவு இல்லை. தெருவின் அகலம் என்று பத்திரத்தில் எழுதியிருப்பதற்கும் வண்டிக்குக் கிடைப்பதற்கும் சம்பந்தமே இல்லை என்பதை இங்கு யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஒரு 23 அடித் தெருவில் நின்றபோது வேலை தொடங்குவதற்கு முன் நாடாவை எடுத்து அளந்தேன். இடது பக்க வீட்டின் வாசல் சாய்தளம் தெருவுக்குள் மூன்று அடி. வலது பக்கத்து வீட்டில் கிரானைட் படி இரண்டு, அதுவும் மூன்று அடி. மிச்சம் பதினேழு. சாய்தளத்தை ஒட்டி, உறை போட்டு மூடிய ஒரு கார், ஆறு அடி. மிச்சம் பதினொன்று. படிக்கு முன்னால் மின்கம்பமும் அதன் அடியில் கட்டிய சிமெண்ட் பீடமும் ஒன்றரை அடி. மிச்சம் ஒன்பதரை. என் வண்டி எட்டரை அடி அகலம். பக்கத்துக்கு அரை அடி வைத்து, உதவியாள் இரண்டு பேர் இருபுறமும் நின்று கையைக் காட்ட, அரை மணி நேரத்தில் அறுபது அடி நகர்ந்தேன். அந்தக் காரின் உரிமையாளர் வெளியூர் போயிருந்தார். தீயணைப்பு வண்டியும் ஏறக்குறைய இதே அகலம்தான் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதே வாரத்தில் ஒரு 40 அடித் தெருவுக்கும் போனேன். அங்கே இரண்டு பக்கமும் கார், ஒரு பக்கம் மணல் குவியல், நடுவில் துணி கட்டிய சாமியானா. கிடைத்தது பத்து அடி. தெரு பெரிதாக இருந்தால் மனிதர்கள் அதற்குத் தக்கபடி பரவிக்கொள்வார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்களுக்கு உயிர் போகிற இடம் முனைதான். 23 அடித் தெருவிலிருந்து 23 அடித் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் மதிலை மூலை வரைக்கும் செங்கோணமாக எழுப்பிவிட்டால் முப்பது அடிக்கு மேல் நீளமான வண்டி திரும்புவது பெரும்பாடு. முனை மனையின் மூலையை ஒரு முக்கோணமாகத் தெருவுக்கு விட்டு, மதிலைச் சாய்வாகச் சரித்துக் கட்ட வேண்டும் என்று விதியே இருக்கிறது, ஸ்ப்ளே என்பார்கள். வரைபடத்தில் அது இருக்கும், நிலத்தில் இருக்காது. முனை மனை வாங்கியவர் கூடுதல் விலை கொடுத்தேன் என்று அந்த முக்கோணத்தையும் சேர்த்தே மதில் கட்டிவிடுகிறார். அந்த அம்மாவின் தெருமுனை எப்படி இருக்கிறது என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். 16 அடி காரணமா, முனை காரணமா?

வடகரைவாசி:
அண்ணா, நீங்கள் கேட்டதற்காக மாலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முனை வீட்டு மதிலில் பழைய பெயிண்ட் உரசல்கள் இடுப்பு உயரத்துக்கு இருக்கின்றன. எதிர்முனையில் டிரான்ஸ்ஃபார்மர். தெருவுக்குள் அகலம் குறைவுதான், ஆனால் ஆம்புலன்ஸ் நின்ற இடம் அந்த முனைதான். உள்ளே வந்திருந்தால் எங்கள் வாசல் வரை வந்திருக்கும். இதை மூன்று ஆண்டுகளாக நான் யோசிக்கவே இல்லை.

ஓய்வுபெற்ற வரைவாளர்:
தம்பி சொன்னது முழு உண்மை. என் தொழிலில் நான் ஆயிரம் முனைகளைச் சரித்து வரைந்திருக்கிறேன். அவற்றில் எத்தனை நிலத்தில் நின்றன என்று ஒருமுறைகூடத் திரும்பிப் போய்ப் பார்த்ததில்லை. அது என் தவறு.

7.2 மீட்டரில் மரம் நிற்காது என்று அம்மா சொன்னதையும் ஏற்கிறேன். ஆகவே என் நிலையைத் திருத்திக்கொள்கிறேன்: 9 மீட்டர். அதில் வண்டி ஓடும் பாதை 5.5 மீட்டர், இரண்டு பக்கமும் மூடிய வடிகால் 0.6 மீட்டர் வீதம் 1.2, மிச்சம் 2.3 மீட்டரை இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு 1.15 மீட்டர் மண் பட்டை. அதில் ஒரு பக்கம் மின்கம்பம், மறுபக்கம் புங்கன் அல்லது வேம்பு. மண்ணாகவே விட்டால் மழைநீரில் ஒரு பகுதி அங்கேயே இறங்கும். கூடுதலாகப் போகும் நிலம் 67 சென்ட்தான். தறிக்காரத் தம்பிக்கு இது எவ்வளவு பாரம் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

குடியாத்தம் தறிக்காரன்:
பாரம்தான் ஐயா. எங்கள் சீட்டு இன்னும் ஓர் ஆண்டு ஓட வேண்டியிருக்கும். ஆனால் அந்த 1.15 மீட்டர் மண்ணாகவே இருக்கும் என்று யாராவது எழுதித் தந்தால் நான் ஒப்புக்கொள்வேன். இல்லாவிட்டால் முதல் ஆண்டிலேயே அதன்மேல் சாய்தளமும் செம்பருத்தி வேலியும் வந்துவிடும், 67 சென்டும் வாசல்காரர்களுக்கு இனாமாகிவிடும்.

வடகரைவாசி:
எழுதித் தர வழி இருக்கிறது என்று நினைக்கிறேன். இறுதி அனுமதிக்கு முன் தெருக்களையும் பொது ஒதுக்கீட்டு இடத்தையும் மனைப்பிரிவு போடுபவர் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பத்திரத்தோடு இணைக்கும் வரைபடத்தில் மண் பட்டையையும் முனை முக்கோணத்தையும் தனித்தனியாக அளவோடு குறித்து, முக்கோணத்தின் மூன்று மூலையிலும் கல் நட்ட பிறகே பத்திரத்தை ஏற்க வேண்டும் என்று மன்றம் தீர்மானம் போடலாம்.

என்றாலும் ஒரு தெருவுக்கு நான் 12 மீட்டரை விட்டுக்கொடுக்க மாட்டேன். பிரதான சாலையிலிருந்து உள்ளே வந்து, மனைப்பிரிவின் மறுபக்க எல்லை வரை போகிற அந்த நடுத்தெரு இப்போதைய வரைபடத்தில் எல்லைச் சுவரில் முடிந்துவிடுகிறது. பக்கத்து நிலமும் ஐந்து ஆண்டில் மனையாகும். அவர்கள் தங்களுக்கென்று வேறொரு வாசல் வைப்பார்கள்; இரண்டு குடியிருப்புக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கும். காட்பாடிப் பக்கம் இப்படி ஒன்றோடொன்று சேராத நகர்கள் எத்தனை இருக்கின்றன என்று ரிக் அண்ணனுக்குத் தெரியும்.

ரிக் லாரி ஓட்டுநர்:
நன்றாகத் தெரியும் அம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் நூறு அடியில் தெரியும் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போயிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற வரைவாளர்:
நடுத்தெரு மட்டும் 12 என்றால் நான் எதிர்க்கவில்லை, அது எல்லையில் முடியாமல் அடுத்த சர்வே எண்ணைத் தொட்டு நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. உயர்மாடி பற்றிய என் அச்சம் அந்த ஒரு தெருவின் ஓரத்தில் மட்டும் மிஞ்சும்; அதைப் பற்றி மன்றத்தில் நான் தனியாக எழுதிக் கொடுப்பேன். மற்றத் தெருக்களுக்கு 9-க்கு மேல் ஓர் அங்குலத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன்.

அம்மா, கருத்தை எழுதுவதற்கு முன் 5.5 மீட்டர் பாதையில் வண்டி திரும்ப முனையில் எவ்வளவு சரிவு வேண்டும் என்பதைத் தாளில் அல்லாமல் தரையில் பார்த்துவிடலாம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு அந்த நிலத்துக்கு நான் நாடாவும் சுண்ணாம்பும் கொண்டு வருகிறேன். ரிக் தம்பி தன் லாரியோடு வர முடியுமா?

ரிக் லாரி ஓட்டுநர்:
சனி இரவு ஒடுகத்தூரில் வேலை. முடித்துக்கொண்டு நேராக வந்துவிடுகிறேன் ஐயா. முனையில் மதில் இருக்கும் இடத்தில் நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டி வையுங்கள்.