மினுக்க எண்ணி: சின்டிலேஷன் கவுன்ட்டருக்கு ஒரு சொல்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

கதிரியக்கத் துகள் பட்டதும் ஒரு பொருளில் தோன்றும் சிறு ஒளித் தெறிப்புகளை எண்ணும் கருவியான சின்டிலேஷன் கவுன்ட்டருக்கு, நீங்கள் முன்வைத்த ‘பொறியொளிமானி’ என்ற தமிழ்ச் சொல்லைப் பார்த்தேன். மூலச் சொல்லுக்குத் தீப்பொறி என்றுதான் பொருள், சரி. ஆனால் பொறி என்றதும் பிள்ளைகளுக்குப் பொறியியல்தான் நினைவுக்கு வருகிறது. அதைவிட எனக்கு உறுத்துவது ‘மானி’. வெப்பமானி அளவு காட்டும். இந்தக் கருவி ஒவ்வொன்றாக எண்ணும். தண்ணீரில் கதிரியக்கம் மிகக் குறைவாக இருக்கும்போது அந்த எண்ணிக்கைதான் எல்லாம்.

ஒரு கணக்கு பாருங்கள். குடிநீரில் ஆல்ஃபா கதிரியக்கத்துக்கு, அதாவது அணு சிதையும்போது ஆல்ஃபா என்னும் கனமான துகளை வெளிவிடும் வகைக்கு, இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.1 பெக்கரல். நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். அந்த வரம்பில் இருக்கும் தண்ணீரில் 8 மி.லி. எடுத்தால், சுமார் 21 நிமிடத்துக்கு ஒரு சிதைவு. அதனால்தான் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சி, தட்டில் தங்கும் உப்புக்கு எதிரே, ஆல்ஃபா துகள் பட்டால் ஒளிரும் துத்தநாக சல்பைடு திரையை வைத்து மணிக்கணக்கில் எண்ணுகிறார்கள். நம் தருமபுரி, கிருஷ்ணகிரி போர்வெல் தண்ணீரில் இன்னொரு சங்கடம். ஒரு சொம்பு காய்ச்சினாலே பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. படிவு தடித்தால் ஆல்ஃபா துகள் அதற்குள்ளேயே நின்றுவிடும், திரையை எட்டாது. ஆக, கொஞ்சம் தண்ணீர்தான் எடுக்க முடியும், எண்ணிக்கையும் குறையும். அப்புறம் மாதிரி இல்லாமலேயே கருவி காட்டும் எண்ணிக்கையை அறிய, வெறும் தட்டையும் தனியே எண்ணிக் கழிக்க வேண்டும்.

1909-ல் மான்செஸ்டரில் கைகர், மார்ஸ்டன் என்ற இயற்பியலாளர்கள் இருட்டறையில் உட்கார்ந்து, இதே துத்தநாக சல்பைடு திரையை நுண்ணோக்கியில் பார்த்துக் கண்ணால் எண்ணினார்கள். இன்று மங்கலான ஒளியையும் மின் துடிப்பாக மாற்றும் ஒளிப்பெருக்கிக் குழாயை வைத்து எண்ணுகிறோம்.

என் பரிந்துரை ‘மினுக்கம்’. இயங்கு, இயக்கு, இயக்கம் போல மினுங்கு, மினுக்கு, மினுக்கம். கருவி ‘மினுக்க எண்ணி’. பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் இதை விளக்கியபோது, பின்வரிசையிலிருந்து ஒரு சிறுமி, “மினுக்கட்டாம்பூச்சி மாதிரியா சார்?” என்றாள். மின்மினியைத்தான் அப்படிச் சொன்னாள். அவளுக்கு அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒளி தரும் பொருளை ‘மினுக்கி’ என்றால் பெண்களை ஏளனம் செய்யும் சொல்லாகிவிடுமே என்று அம்மா ஒருவர் குழுவில் எழுதியிருந்தார். நியாயம்தான். ‘மினுக்கப் பொருள்’ என்றே வைத்துக்கொள்ளலாம். கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் வெளிவிடும் பீட்டா துகள் மிகவும் வலுக்குறைந்தது, குப்பியின் சுவரைக்கூடத் தாண்டாது. அதற்குத் தண்ணீரோடு நேரடியாகக் கலக்கும் திரவத்தை ‘மினுக்கத் திரவம்’ எனலாம்.

மாதிரியில் நிறமோ வேறு வேதிப்பொருளோ இருந்து அந்த ஒளியைக் குறைப்பதற்கு ‘மினுக்கத் தணிவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘அவிவு’ இன்னும் பொருந்துமோ என்றும் தோன்றுகிறது. உங்களுக்கு எது சரியாகப் படுகிறது, ஐயா?

அன்புடன்,
தருமபுரியிலிருந்து