கம்பிவலை, ஃபோகஸ், பல்லைக் காட்டும் குட்டி

முகில்:
மிருகக்காட்சி சாலையில் ரீசஸ் குரங்குகளைப் படம் எடுத்தேன். லென்ஸ் 70-300 மி.மீ. ஜூம். பாதிக்கு மேல் ஃபோகஸ் கம்பிவலையிலேயே நின்றுவிட்டது. குட்டி ஒன்று பல்லைக் காட்டிச் சிரிக்கும் படம் மட்டும் நன்றாக வந்தது, கீழே போட்டிருக்கிறேன். அடுத்த மாதம் காட்டுக்குப் போகிறேன். அங்கே என்ன மாற்ற வேண்டும்?

செல்வி:
குரங்கு வலையை ஒட்டி உட்கார்ந்திருந்தால் எந்த லென்ஸும் உதவாது; அது பின்னால் நகரும்வரை காத்திருங்கள். 300-இல் வைத்து, அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித் துளையை) முழுவதும் திறந்து, தடுப்பைத் தாண்டாமல் முடிந்த அளவு கிட்டே நில்லுங்கள். வெயில் படும் வலை படத்தில் புகைபோலப் படியும், அதனால் வலையில் நிழல் விழும் இடமாகப் பாருங்கள். ஒற்றை ஃபோகஸ் புள்ளி, கண்ணின் மேல். கண்ணாடி அறை என்றால் ஃபிளாஷை அணைத்து, லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹூடைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள்.

அப்புறம் அந்தச் சிரிப்பு. ரீசஸ் உதட்டைப் பின்னுக்கு இழுத்துப் பல்லைக் காட்டுவது பயத்தில், தன்னைவிடப் பெரியதற்குப் பணிந்து. விளையாடும் குட்டியின் வாய் தளர்ந்து திறந்திருக்கும், மேல்பல் அவ்வளவாகத் தெரியாது. நானும் ஒரு பயந்த முகத்துக்குச் ‘சிரிப்பு’ என்று தலைப்பு வைத்துப் பகிர்ந்தவள்தான். விஷயம் தெரிந்ததும் மாற்றினேன். இன்றும் அந்தப் படத்தைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

கதிர்:
காட்டில் பெரிய தொல்லை வெளிச்சம். வெளிறிய வானத்துக்கு எதிரே கிளையில் உட்கார்ந்தால் முகம் கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 கூட்டுங்கள், சில சமயம் அதற்கு மேலும். தாவும்போது ஷட்டர் வேகம் 1/1000-க்குக் குறையக் கூடாது.

முகில்:
நன்றி. நேராக லென்ஸைப் பார்க்க வைக்க ஏதாவது வழி உண்டா? கிட்டே போகலாமா?

செல்வி:
வேண்டாம் தம்பி. உற்றுப் பார்ப்பது அவற்றுக்கு மிரட்டல். லென்ஸும் பெரிய கண் மாதிரிதான். வாயைத் திறந்து முறைத்தால் கேமராவை இறக்கி, பார்வையை விலக்கி, மெல்லப் பின்வாங்குங்கள். தீனி காட்டி அழைக்கவே வேண்டாம். சளி இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள், நம் தொற்று அவற்றுக்கும் பரவும். மனிதர் பக்கத்தில் இருக்கும் குரங்குப் படங்களைப் பகிர வேண்டாம் என்று ஐ.யு.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் வல்லுநர்களும் 2021-இல் வழிகாட்டி வெளியிட்டார்கள். பார்ப்பவர்களுக்கு வளர்க்கும் ஆசை வந்துவிடுகிறது.

குட்டியின் படத்தை நீக்க வேண்டாம். வெட்டாத படம் இருந்தால் அதைப் போடுங்கள், யாரைப் பார்க்கிறது என்று தெரியட்டும்.

முகில்:
இப்போதுதான் முழுப் படத்தைத் திறந்தேன் அக்கா. இடது ஓரத்தில் பெரிய குரங்கு ஒன்றின் தோளும் கையும் இருக்கின்றன. குட்டி அந்தப் பக்கம்தான் பார்க்கிறது.